ஐந்தாவது பேட்டரி

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாம் என்றது என் மனைவிதான். ஓசூரில் அப்போது அதைப் பெரியவர்களின் பொம்மை என்றார்கள். சத்தம் இல்லை, வேகமும் இல்லை, அதனால் லைசென்ஸும் வேண்டாம். அவளுக்கு அது போதும். உதிரிபாகத் தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. அடிக்கடி தாமதமாக வருபவர்களை அடுத்த முறை எடுக்க மாட்டார்கள். நான் பத்திரிகை நிருபர். அவளை பைக்கில் கொண்டுபோய் விடக் கிளம்பும் நேரத்தில்தான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை வயலில் இறங்கிவிட்டதென்று போன் வரும். அவள் போய்ச் சேர்வதற்குள் கேட் மூடியது ஒருமுறை அல்ல.

சமதரையில் வண்டி ஒழுங்காக ஓடியது. மத்திகிரியில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு மேடு. அதில் பாதி தூரம் போய் முனகி நின்றுவிடும்.

ஆட்டோக்களுக்கு வயரிங் செய்பவரிடம் கொண்டுபோனேன். சீட்டைத் தூக்கி, உள்ளே இருந்த நான்கு பேட்டரிகளைப் பார்த்தார்.

"இன்னொண்ணு சேத்தா பிச்சுக்கிட்டு ஏறும் சார்."

அதற்கு உள்ளே இடமில்லை. கால் வைக்கும் பலகையில் தகரப்பெட்டி அடித்து ஐந்தாவதை உட்கார வைத்தார். இவள் கால்களை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு ஓட்டினாள். ஒரு வாரம் வண்டி மேடு ஏறியது. பிறகு, கூடுதல் மின்சாரத்தைத் தாங்காமல், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் கருகியது. புதியது பெங்களூரிலிருந்து வரும்வரை டவுன்பஸ், தாமதம், சூப்பர்வைசரின் எச்சரிக்கை. கடைசியில் வண்டி பழையபடி நான்கு பேட்டரியோடு திரும்பியது.

"வித்துடலாமா?" என்றேன்.

"வித்துட்டு? உங்களுக்கு எப்ப போன் வரும்னு பாத்துக்கிட்டு பின்னாடி உக்காரணுமா?"

மறுநாளிலிருந்து சீக்கிரமே கிளம்பினாள். எப்படிச் சமாளிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை பேரிகைக்குப் போக அந்த வழியே வந்தபோது பார்த்தேன். மேட்டின் அடியில் இறங்கிவிட்டாள். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமாகத் திருகிப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தாள். ஆள் பாரம் இல்லாததால் வண்டி மெல்ல ஏறியது. கம்பெனி பஸ் ஒன்று அவளைத் தாண்டும்போது ஜன்னலிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"என்னக்கா, வண்டிய வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஆமாடி, டாக்டர் சொல்லியிருக்காரு!"

பஸ் போனதும் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிவிட்டது. உச்சிக்கு வந்ததும் துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தாள். தகரப்பெட்டி இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. அவற்றின்மேல் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். கேட் மூட இன்னும் நேரம் இருந்தது.