ஹோபர்ட் அண்ணனின் புதன்கிழமை வலிகள்

என் அண்ணன் ஹோபர்ட்டுக்கு உடம்பில் வலிக்காத இடமே கிடையாது. ஆனால் புதன்கிழமைகளில் மட்டும்தான் வலிக்கும்.

புதன் மாலை எங்கள் சபையில் ஜெபக்கூட்டம். யாருக்கு என்ன நோவு என்று எழுந்து சொன்னால் எல்லோரும் ஜெபிப்பார்கள். மறுநாள் அவர் வீட்டுக்குச் சோள ரொட்டியும் பீன்ஸும் போகும். பாத்திரத்தை மூடிய அலுமினியத் தாளின்மேல் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், மிச்சமான வலி மாத்திரை. நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகு ஒடியாத வீடு இங்கே ஏது? எல்லோர் அலமாரியிலும் மாத்திரை கிடக்கும். வீணாக்குவானேன் என்று கொடுப்பார்கள். நல்ல மனசுதான், என்னத்தைச் சொல்ல!

அண்ணனின் முதல் வலி நிஜம். சுரங்கக் கூரை சரிந்து முதுகில் விழுந்தது. டாக்டர் அபின் வகை மாத்திரையை அள்ளிக் கொடுத்து, "பயப்படாம போடுங்க, பழக்கமாகாது" என்றார். பாவி மனுஷன்! அப்புறம் சுரங்கத்தை மூடினார்கள், அண்ணி விட்டுப் போனாள், முதுகுவலியும் போனது. மாத்திரை மட்டும் போகவில்லை. போடாவிட்டால் வியர்வை, நடுக்கம், வாந்தி. டாக்டர் திடீரென்று சீட்டு எழுதுவதை நிறுத்தியதும் புதன்கிழமை வலிகள் ஆரம்பித்தன.

முதலில் கடைவாய்ப் பல். பிறகு தோள்பட்டை. ஒருநாள் இடது முழங்கால் என்று சொல்லிவிட்டு வலது காலை நொண்டினார்.

"என்ன பிரதர், கால் மாறிடுச்சே?" என்றாள் பக்கத்து வீட்டு வெர்சி.

"நான் உங்களப் பாத்து நிக்கிறேன் சிஸ்டர், உங்களுக்கு மாறித்தான் தெரியும்."

சபையே சிரித்தது. மறுநாள் வெர்சி இரண்டு பொட்டலம் வைத்தாள்.

சபையின் பேருந்தை ஓட்டுவது அண்ணன்தான். ஒரு ஞாயிறு, பிள்ளைகளை ஏற்றப் போகும் வழியில் கண் சொக்கி, வண்டியை ஓடையில் இறக்கிவிட்டார். ஊரே கரையில் நின்று காரணம் ஆராய்ந்தது. பிசாசின் வேலை என்றார் போதகர். பொண்டாட்டி போன துக்கம் என்றாள் வெர்சி.

"பாழாப்போன மாத்திரைதான், வேறென்ன!" என்று நான் கத்தினேன்.

"சபைக்காரங்க அன்பா குடுக்கறதுல எப்படிம்மா கெடுதல் வரும்?" என்று வெர்சி முறைத்தாள். அண்ணன் தண்ணீரில் நின்றபடி பேருந்தின் காலி இருக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன் ஜெபக்கூட்டத்தில் அண்ணன் எழுந்தார்.

"இந்த வாரம் எங்க பிரதர்?" என்றார் போதகர்.

"எங்கயும் வலிக்கல. ரொம்ப நாளாவே வலிக்கல. மாத்திரை இல்லாம இருக்க முடியல, அதான் பொய் சொன்னேன். வண்டியில பிள்ளைங்க இருந்திருந்தா... நாளைக்கு மாத்திரைய விடற வைத்தியத்துக்குப் போறேன். சாப்பாடு குடுங்க. தாளுக்கு மேல ஒண்ணும் வைக்காதீங்க."

"அப்ப எதத்தான் வைக்கிறது?" என்றாள் வெர்சி, நிஜமான கவலையோடு.

மறுநாள் காலை நான் கொண்டுபோன பாத்திரத்தை அண்ணன் வாங்கினார். தாளின்மேல் தடவினார். அடியிலும் தடவினார்.

"ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"நல்லவேளை" என்றார். "வெர்சி குடுத்த பாத்திரம் மேசையில இருக்கு. நீயே பாரு. நான் தொடமாட்டேன்."

பார்த்தேன். தாளின்மேல் பொட்டலம் இருந்தது! அவளைத் திட்டிக்கொண்டே பிரித்தேன். உள்ளே புதினா மிட்டாய்.

அண்ணன் சிரித்தார், அப்புறம் அழுதார். ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு தன் கார் சாவியை என் கையில் திணித்தார்.

"வா, போலாம். வண்டிய நீ ஓட்டு."