இடியப்பத்தின் தடிப்பு

நேர்முகப் பரீட்சை என்றாலே எனக்கு எரிச்சல். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்பார்கள். அளவுக் கருவி வடிவமைக்க வருகிறவளிடம் அதைக் கேட்டு என்ன செய்யப் போகிறார்கள்? போன தடவை அதை அங்கேயே கேட்டுவிட்டேன். வேலை கிடைக்கவில்லை.

இந்த முறை கொழும்பில் நுண்ணளவுக் கருவிகள் செய்யும் கம்பனி. நான் படித்ததே இந்த வேலைக்குத்தான். கணினி வழியாகப் பேசினால் போதும் என்றார்கள். அண்ணையின் மனைவியான மச்சாளுக்கு என் வாயில் நம்பிக்கை இல்லை. முதல் நாள் பின்னேரம் உடுவிலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அண்ணையின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மச்சாள் அதிகாரியாக உட்கார்ந்தா.

“உமக்குக் கோவம் வருமோ?”

“விசர்க் கேள்வி கேட்டால் வரும்.”

“நீர் போகலாம். அடுத்த ஆளை வரச் சொல்லும்.”

அண்ணைக்குச் சிரிப்பில் புரையேறியது. மச்சாள் ஓர் இடியப்பத்தை என் முன்னால் தள்ளினா.

“சரி, உதிலை ஒரு இழை எவ்வளவு தடிப்பு? அளந்து சொல்லும்.”

என் மைக்ரோமீட்டரை எடுத்து, அதன் இரண்டு முகங்களுக்கும் இடையில் ஓர் இழையை வைத்துத் திருகினேன். இழை நசிந்தது. மெதுவாகத் திருகினேன். அதுவும் நசிந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு அளவு.

“இடியப்பம் சரியில்லை” என்று கத்தினேன்.

“நான் அவிச்ச இடியப்பத்தைக் குறை சொல்லாதையும். உது இரும்பை அளக்கிற சாமான். மாவுக்கு வேறை ஒண்டு செய்யும். அந்த வேலைதானே கேக்கிறீர்?”

அழுத்தினால் மென்மையான பொருளின் அளவு மாறும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். அதற்காக ஒரு கருவியை யோசித்ததே இல்லை. கடதாசியை இழுத்து வரையத் தொடங்கினேன். அகலமான தொடு முகங்கள், நசிக்காமல் பிடிக்க மிக மெல்லிய சுருள்வில். நசிந்ததையெல்லாம் அண்ணை சொதியில் போட்டுச் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் காலை திரையில் மூன்று பேர். பலவீனம் என்ன என்றுதான் தொடங்கினார்கள். தொண்டை வரை கோபம் வந்தது. விழுங்கிவிட்டு, இடியப்பம் நசித்த கதையைச் சொல்லிப் படத்தைக் காட்டினேன். மூவரும் திரைக்குக் கிட்ட வந்தார்கள். சுருள்வில் நாளடைவில் தளருமே என்றார் ஒருவர். தளர்ந்தால் இறுக்க ஒரு திருகாணி இருக்கிறது, படத்தை வடிவாகப் பாருங்கள் என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் யாரோடும் சண்டை பிடித்ததில்லை.

கடைசியில், திங்கட்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். நான் படம் வரைந்த கடதாசியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து மச்சாளின் குரல் கேட்டது. “ஓமெண்டு சொல்லுமன்.”

திரையில் மூவரும் சிரித்தார்கள். நான் ஓம் என்றேன்.