தாராளமாகப் போட்ட பெருங்காயம்

என்னிடம் கார் ஓட்டப் படித்த பெண்களில் மேலப்பாளையத்து அக்காவை மறக்கவே முடியாது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்த்தார். வண்ணார்பேட்டையில் எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு முதல் நாள் வந்தபோது ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடப் பயந்தவர், லைசென்ஸ் டெஸ்டில் ஒரே தடவையில் பாஸானார். மறுநாள் மத்தியானம் ஒரு தூக்குவாளியோடு வந்து நின்றார்.

"டீச்சர், உங்களுக்குன்னே செஞ்சது. கோதுமை இல்ல, மைதா இல்ல, ரவை இல்ல. கறி மீன் புழங்காத பாத்திரம். நம்பிச் சாப்பிடுங்க."

எனக்குச் சீலியாக் என்ற குடல் நோய். கோதுமையில் உள்ள குளூட்டன் ஒரு துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். கோதுமை அல்வாக் கடை இல்லாத தெருவைத் தேட வேண்டிய ஊரில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை. இதையும், நான் சைவம் என்பதையும், பாடம் எடுக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னதையெல்லாம் மனதில் வைத்திருந்தார்.

வாளியில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் இருந்தன. வழக்கமாக வெளியார் சமைத்ததைத் தொடமாட்டேன். அன்று அந்த முகத்தைப் பார்த்தபின் கேள்வி கேட்க வாய் வரவில்லை. ருசியாகவும் இருந்தது. வழித்துச் சாப்பிட்டேன்.

சாயங்கால வகுப்பில் காரில் உட்கார்ந்திருக்கும்போதே வயிறு கல்லாக இறுகத் தொடங்கியது. பிறகு முறுக்கியது. எனக்குத் தெரிந்துவிட்டது. படிக்க வந்த பெண்ணை ஓரமாக நிறுத்தச் சொல்லி, நானே வண்டியை ஸ்கூலுக்குத் திருப்பினேன். முன்பெல்லாம் தலைவலி, காய்ச்சல் என்று எதையாவது சொல்லி மழுப்புவேன். அன்று முதலாளி முன்னால் சாவியை வைத்து, "அண்ணாச்சி, கோதுமை உள்ள போயிட்டு. நாலஞ்சு நாளைக்கு வண்டியில உக்கார முடியாது" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆட்டோ சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஆட்டோ தச்சநல்லூர் வந்து சேர்வதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் வீடு மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும். தனியாகத்தான் இருக்கிறேன்.

தனியாக வந்த புதிதில் இப்படி ஆனபோது நான் செய்தது அழுததுதான். அழுதுகொண்டே அம்மா இருக்கும் ஆழ்வார்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாந்தி. அம்மா என்னைக் கைத்தாங்கலாக இறக்கினாள். அன்றிலிருந்து, "ஒத்தையில கிடந்து சாகணுமா? பேசாம இங்கன வந்து இரு" என்பது அவள் பல்லவியாகிவிட்டது.

இந்த முறை அதற்குப் பதில் இருந்தது. சமையலறை அலமாரியில் இதற்கென்றே ஒரு டப்பா வைத்திருந்தேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, வெந்நீர்ப் பை, வறுத்து உடைத்த அரிசி. முதல் வாந்தி எடுத்து முடிந்ததும் கரைசலைக் கலக்கிப் பக்கத்தில் வைத்தேன். போனைச் சார்ஜில் போட்டேன். மயங்கி விழுந்தால் யாராவது உள்ளே வர வேண்டுமே என்று வாசல் கதவைத் தாழிடாமல் சாத்தினேன். பிறகு குளியலறைக்கும் பாய்க்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் இரண்டு வாய் கரைசல். குமட்டினாலும் விடவில்லை.

அம்மா போன் பண்ணினாள்.

"ஏட்டி, என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

பொய் சொல்லவில்லை. "கோதுமை சேந்துட்டும்மா. வாந்தி நிக்கல. தண்ணி குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். தண்ணி தங்கலன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன். நான் பாத்துக்கிடுதேன்."

"நீ என்னத்தப் பாப்ப" என்று வைத்துவிட்டாள்.

விடியும்போது வாந்தி நின்றிருந்தது. தலைக்குள் பஞ்சு அடைத்தமாதிரி இருந்தது. பைய எழுந்து உடைத்த அரிசியில் கஞ்சி வைத்தேன். அது கொதிக்கும்போது படியில் செருப்புச் சத்தம். முதல் பஸ்ஸைப் பிடித்து அம்மா வந்துவிட்டாள். மாற்றுச் சேலைகளோடு பெரிய பை. என்னை அள்ளிக்கொண்டு போகிற முடிவோடு வந்தவள், அடுப்பு முன்னால் நிற்கிற என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். துவைத்த பாய்விரிப்பு கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீயா துவைச்ச?"

"வேற யாரு இருக்கா?"

உள்ளே வந்து கையைக் கழுவினாள். கரண்டியை எடுக்கப்போனவள் கையை இழுத்துக்கொண்டு, "இத நான் தொடலாமா?" என்று கேட்டாள்.

என் சமையலறையில் அம்மா என்னிடம் அனுமதி கேட்கிறாள். வயிற்று வலியோடும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "தொடும்மா" என்றேன். அவளே இரண்டு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு சரியாப் போட்டிருக்க" என்றாள். ஊருக்கு வா என்ற பேச்சை அன்று முழுக்க எடுக்கவில்லை. சாயங்காலம் அந்தப் பெரிய பையை அவிழ்க்காமலே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அதற்கு முன்பு மத்தியானம் மேலப்பாளையத்து அக்கா கூப்பிட்டிருந்தார். "சாப்பாடு எப்படி இருந்துச்சு டீச்சர்?"

நல்லா இருந்தது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அடுத்த முறையும் இதேதான் நடக்கும். "ருசியா இருந்துச்சுக்கா. ஆனா எனக்குச் சேரல. பெருங்காயம் போட்டியளா?"

"ஆமா. எங்க வீட்டுல அதிகம் புழங்க மாட்டோம். உங்க வீட்டுச் சமையல்னா அந்த வாசம் வேணுமேன்னு புதுசா வாங்கித் தாராளமாப் போட்டேன்."

"டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்கக்கா."

டப்பாவை உருட்டுகிற சத்தம் கேட்டது. "அல்லாவே! கோதுமை மாவுன்னுல்லா போட்டிருக்கு!" அவர் குரல் உடைந்தது. "நானே உங்களுக்கு விஷத்தக் குடுத்துட்டேனே."

"தெரியாமச் செஞ்சதுக்கா. நானும் கேக்காமச் சாப்பிட்டேன். நிறையக் கம்பெனிப் பெருங்காயத்துல அதக் கலக்காங்க. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கும், அதத்தான் நான் வாங்குதேன்."

அவர் மேற்கொண்டு அழவில்லை. "சரி, வேற எதெதுல இருக்கும்? சொல்லுங்க" என்றார். சேமியாவிலிருந்து சோயா சாஸ் வரை சொன்னேன். பாடம் கேட்கிற மாதிரியே கேட்டுக்கொண்டார்.

நான் வேலைக்குத் திரும்பிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை கீழே ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அந்த அக்கா மேலப்பாளையத்திலிருந்து ஆற்றைத் தாண்டித் தனியாகவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் குறுகலான தெருவில், ஒரு தள்ளுவண்டிக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில், ஒரே மூச்சில் காரை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். நான் மாடியிலிருந்து கை தட்டினேன்.

இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்திருந்தார். இந்த முறை கூச்சப்படாமல் கேட்டேன். எந்த மாவு, எங்கே அரைத்தது, எந்தத் தட்டில் அவித்தது.

"பச்சரிசிய வீட்டு மிக்சியில நானே அரைச்சுச் சலிச்சது. சல்லடையும் தட்டும் புதுசு. வேற என்ன கேக்கணும், கேளுங்க."

கேட்பதற்கு வேறொன்றும் இல்லை. தட்டுகளை எடுத்துவந்தேன். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.