மாஸ்டர் தூங்காத ஞாயிறு

எங்கள் பேக்கரியில் மாவு பிசைவது, உருட்டுவது, தட்டில் அடுக்குவது எல்லாம் மாஸ்டர். சுடுவது நான். பதினோரு வருஷமாக அவர் மேசைப் பக்கம், நான் அடுப்புப் பக்கம். மாஸ்டருக்குக் கை சுத்தம், வாய் சுத்தம். ஒரே ஒரு குறை, உட்கார்ந்தால் ஆள் காலி. முடி வெட்டப் போன இடத்தில் தூங்கி, தலை சாய்ந்து, ஒரு பக்க மீசையைப் பறிகொடுத்து வந்த மனுஷன்.

அவரைக் குறை சொல்லவும் மனசு வராது. விடியும் முன்னே வேலைக்கு வருவார். மதியம் முடித்ததும் பள்ளிக்கூடத்து வாசலுக்கு ஓடுவார். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. அவர் சம்சாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தம்மா டியூட்டி முடிந்து வரும்வரை சோறாக்குவது, துவைப்பது, வீட்டுப்பாடம், சண்டை விலக்குவது அத்தனையும் இவர்தான். ராத்திரி பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் படுப்பார். கதையில் ராஜா குதிரை ஏறும் முன்பே இவர் தூங்கிவிடுவார். மீதிக் கதையை மகள் தம்பிக்குச் சொல்லி முடிப்பாள்.

ஈஸ்டர் வாரம் வந்தால் எங்களுக்கு வேலை இரண்டு மடங்கு. அந்தத் திங்கட்கிழமை மாஸ்டர் வந்ததே சரியில்லை.

"என்ன மாஸ்டர், மூஞ்சி உப்பாத மாவு மாதிரி கிடக்கு?"

"ஈஸ்டர் அன்னைக்கு சர்ச்சுல என் பொண்ணு பைபிள் வாசகம் படிக்கப் போறா அண்ணே."

"நல்ல சேதிதானேய்யா?"

"என்னை வர வேணாம்னு சொல்லிட்டா."

போன வருஷ ஈஸ்டரில் அவர் விட்ட குறட்டை அப்படி. பிரசங்கத்தின் நடுவே ஆரம்பித்து, முன் வரிசைக் கைக்குழந்தையை அழ வைத்தபிறகுதான் நின்றது. அன்றிலிருந்து வகுப்பில் அந்தப் பெண்ணுக்குப் பேர் 'லாரி'. ஒரு வருஷமாக அந்தப் பேரோடு பள்ளிக்கூடம் போய் வருகிறாள். இந்த வருஷம் அவள் அம்மாவுக்கு ஞாயிறு காலை டியூட்டி, மாற்ற முடியவில்லை. ஆக, அப்பா போகாவிட்டால் அவள் படிப்பதைக் கேட்க வீட்டிலிருந்து யாருமே இல்லை. குறட்டையோடு ஓர் அப்பா வருவதைவிட யாருமே வராதது மேல் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

புதன்கிழமை ஈஸ்டர் லீவுக்குப் பள்ளிக்கூடம் மூடினார்கள். காலை எட்டு மணிக்கு நர்ஸம்மா டியூட்டிக்குப் போகிற வழியில் இரண்டையும் பேக்கரியில் இறக்கிவிட்டுப் போனார். பெரியவளுக்கு நான் வைத்த பேர் டீச்சர். வந்ததும் வராததுமாக என் ஏப்ரனில் அழுக்கு என்றாள். எனக்கு அவள் வைத்த பேர் கரடி மாமா. சரியாகத்தான் வைத்திருக்கிறாள்.

காலிப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறி நின்று, உப்ப வைத்திருந்த மாவுத் தட்டுகளைப் பார்த்து வாசகம் படித்துப் பழகினாள். பொழுது விடியும் முன் இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்களைப் பற்றிய வாசகம். மாஸ்டர் கை மாவைப் பிசைந்தபடி இருந்தது, காது மட்டும் அவளிடம்.

"ஏம்மா, விடியறதுக்கு முன்னாடி எழுந்தவங்க கதைதானே? நம்ம ஆளுங்க. நான் வந்து கேக்க வேணாமா?"

"அவங்க யாரும் சர்ச்சுல தூங்கல."

"பின்னாடி நிக்கிறேன். உட்காரவே மாட்டேன்."

"நின்னுக்கிட்டே தூங்குவீங்க. பஸ்ல பார்த்திருக்கேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் பக்கத்துல இருக்கேன் டீச்சர். கண்ணு சொக்குனா ஒரு கிள்ளு கிள்ளுறேன், போதுமா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க தூங்கமாட்டீங்களா?"

"நானா? அடுப்புக்காரன் தூங்குனா ஊரே கரிஞ்ச ரொட்டிதான் திங்கணும், தெரியுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "சரி வாங்க. ஆனா ஒரே ஒரு குறட்டை கேட்டுச்சு, அப்புறம் எப்பவும் வரக்கூடாது. ஸ்கூல் விழாவுக்கும் வரக்கூடாது."

"எப்பவுமேவா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"எப்பவுமே."

மாஸ்டர் மாவை இன்னும் அழுத்திப் பிசைய ஆரம்பித்தார்.

இங்கே எங்கள் மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகரத்தில் உருண்டையாக ஒரு மணி. எத்தனை நிமிஷத்துக்குத் திருகி வைக்கிறோமோ, அது முடிந்ததும் அலறும். அலறியதும் அடுப்புப் பக்கம் இருப்பவன் "இழு!" என்று கத்த வேண்டும். அடுத்தவன் "கதவு!" என்று பதில் குரல் கொடுத்து, அடுப்புக் கதவை இழுத்துத் திறக்க வேண்டும். கையில் எந்த வேலை இருந்தாலும் சரி. யோசித்துச் செய்கிற காரியமே இல்லை, வாயும் கையும் தானாகச் செய்யும்.

வியாழக்கிழமை பிள்ளைகள் ஒரு மூலையில் முட்டைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் முட்டையைவிட முழங்கைக்குத்தான் அதிகம் பூசினான். மாஸ்டர் மைதா மூட்டையில் சாய்ந்து, நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். பையன் போய்க் காதைப் பிடித்து இழுத்தான். மூக்கை அடைத்தான். "அப்பா, தீ!" என்று பொய் சொன்னான். ஊஹும். அப்போது மணி அடித்தது. நான் "இழு!" என்றேன். கண் திறக்கும் முன்பே "கதவு!" என்று பாய்ந்தார் மாஸ்டர். அவர் இரண்டு காதும் சிவப்பு, மூக்கும் சிவப்பு.

பையன் வாய் பிளந்து நின்றான். "அப்பா அந்த மணிக்கு மட்டும் ஏன் மாமா எந்திரிக்கிறாரு?"

"அது அப்படித்தான். போய் முட்டையைப் பாரு."

அந்த வாரம் முழுக்க, முட்டை ஒளிக்கும் விளையாட்டுக்குப் பழகுகிறேன் என்று அவன் ஒளிக்காத சாமான் கிடையாது. என் ஒற்றைச் செருப்பு சர்க்கரை டப்பாவின் பின்னால் கிடைத்தது. முதலாளியின் மூக்குக் கண்ணாடி ஈஸ்ட் அலமாரியில் இருந்தது. சனிக்கிழமை மணியைக் காணோம். நான் யாரைப் பிடித்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

"டேய், மணியை எங்கடா ஒளிச்ச?"

"நான் ஒளிச்சு வைக்கல மாமா. சத்தியமா."

முகத்தைப் பார்த்தால் பொய்யாகத் தெரியவில்லை. அன்று முழுவதும் மூக்கை நம்பித்தான் ரொட்டி சுட்டேன். இரண்டு தட்டு கரிந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கடைசித் தட்டை இறக்கினோம். மாஸ்டர் குழாயடியில் தலையைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை அழைத்துவர ஓடினார். சர்ச்சில் பார்த்தபோது அவர் புருவத்தில் இன்னும் மாவு. மகள் முன் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாஸ்டர் சொன்ன சொல் தவறாமல் கடைசியில், வாசல் கதவை ஒட்டி நின்றார். ஒரு காலில் நிற்பார், அப்புறம் மறு காலில். கண்ணைக் கோழி முட்டை மாதிரி விரித்து வைத்திருந்தார்.

நானும் நிற்கத்தான் நினைத்தேன். பெஞ்சு ஓரத்தில் இடம் காலியாக இருந்தது. முழங்கால் வலி வேறு. சின்னவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தேன். பாட்டு நன்றாக இருந்தது. மின்விசிறிக் காற்றும் நன்றாக இருந்தது. அப்புறம் மகள் மேலே ஏறினாள். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிவிட்டார்கள். அவள் முதல் வரியைப் படித்தது ஞாபகம் இருக்கிறது.

அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது மணிச் சத்தம்.

"இழு!" என்று துள்ளி எழுந்தேன்.

"கதவு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சர்ச்சின் பெரிய கதவு விரியத் திறந்தது. காலை வெயில் நடுப்பாதை வழியாக மேடைவரை ஓடியது.

மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. என் பக்கத்தில் சின்னவன், அலறுகிற மணியைச் சட்டைக்குள் திணித்து, வயிற்றால் அமுக்கிக்கொண்டிருந்தான். "அக்கா படிக்கிறப்ப அப்பா எந்திரிக்கணும்ல. அதான் திருகி வச்சேன்," என்றான் மெதுவாக. அவன் ஒளிக்கவில்லைதான். பாக்கெட்டில் வைத்திருந்தான்.

மேடையில் மகள் நிறுத்திவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். அங்கே அவள் அப்பா, கதவின் கைப்பிடியை விடாமல், புருவத்து மாவோடு, விரித்த கண்ணோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு மூச்சு இழுத்தாள். விட்ட இடத்திலிருந்து, முன்னைவிடச் சத்தமாகப் படித்தாள். கல்லறை வாசலை மூடியிருந்த கல் புரண்டு கிடந்ததைச் சொல்லும் இடம் அது. பிறகு பாதிரியார் வந்து, கதவு திறந்த ஏற்பாடு ரொம்பப் பொருத்தம் என்று மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் முழித்தார்.

வெளியே படிக்கட்டில் அவள் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். "ஏய் லாரி, உங்கப்பா இந்த வருஷமும் விட்டாரு பாரு குறட்டை!"

"உனக்குக் கண்ணு தெரியாதா? எங்கப்பா கடைசிவரைக்கும் நின்னாரு. குறட்டை விட்டது எங்க கரடி மாமா."

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே. அப்பாவிடம் திரும்பி, "நான் எங்க தப்பு விட்டேன்? சொல்லுங்க பார்ப்போம்," என்றாள்.

"மூணாவது வரியில ஒரு வார்த்தையை விட்டுட்டுப் போயி, திரும்ப வந்து எடுத்த. அப்புறம் மணிக்குப் பிறகு ஒண்ணுமே தப்பில்ல."

சரியாகச் சொல்லிவிட்டார் போல. அவள் அவர் புருவத்து மாவைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். "ஸ்கூல் விழா அடுத்த மாசம். முன்னாடியே லீவு சொல்லிடுங்க."

மாஸ்டர் தலையாட்டிக்கொண்டே படிக்கட்டில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். தலை மகளின் தோளில் சாய்ந்தது, லாரி கிளம்பிவிட்டது. போகிற வருகிறவர்கள் சிரித்தார்கள். அவள் அசையவில்லை. தம்பியிடம் கையை நீட்டினாள்.

"மணியைக் குடுடா. இருபது நிமிஷம் வைக்கலாம்."

திருகிப் படியில் வைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, அடிக்கறப்ப நீங்க கத்தக்கூடாது. நான்தான் கத்துவேன்."