வேலியோரத்து எறும்புகள்

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்த சில மாதங்களில் அண்ணனுக்குப் போடும் இன்சுலின் தீர்ந்தது. மருந்துக்கடையில் கையை விரித்துவிட்டார்கள். பத்தே நாளில் அண்ணன் போய்விட்டான்.

காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து அவனுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி டிரஸர், துக்கம் கேட்டுவிட்டுப் புறப்படும்போது அம்மாவிடம் சொன்னார்:

"சின்னதுங்க ரெண்டையும் பாத்துக்கிட்டே இருங்கம்மா. இது ரத்தத்துல வர்றது. கூடப் பொறந்ததுக்கும் வரலாம். தண்ணி தண்ணின்னு கேட்டா சொல்லி அனுப்புங்க."

"சொல்லி அனுப்புனா என்னா செய்வீங்க?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. மறுநாளே அம்மா கொல்லையில் இடம் குறித்துவிட்டாள். வாழையடி எனக்கு, வேலியோரம் தங்கைக்கு. காலையில் எழுந்ததும் அவரவர் இடத்தில்தான் ஒன்றுக்குப் போக வேண்டும். சற்றுப் பொறுத்து அம்மா வந்து, எறும்பு மொய்க்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். அண்ணனுடைய நோயையும் அப்படித்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஊரில் சீனியே கிடையாது. எறும்புகளும் எங்களைப் போலப் பட்டினிதான், ஒரு சொட்டு இனிப்பையும் விடாது.

மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் தின்றால் யாருக்குத்தான் தாகம் எடுக்காது? அப்போது அது தோன்றவில்லை. நாக்கு வறளும்போதெல்லாம் அண்ணன் முகம் வந்து நின்றது. எச்சிலை விழுங்கிச் சமாளிப்பேன். ஒருநாள் தாங்காமல் இரண்டு செம்பு குடித்துவிட்டேன். மறுநாள் காலை, அம்மா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, வாழையடிக்குப் போகாமல் வேலியோரம் போனேன்.

வேலியோரம் எறும்பு கருகருவென்று மொய்த்தது.

அம்மா தங்கையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஐயோ, இதுக்குமா?" என்று கதறினாள். நானும் அங்கே போனதை மறைத்துவிட்டேன். என் நோயைத் தங்கை தலையில் கட்டிவிட்டேன், சாகப்போவது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் என் இடத்துக்கே போனேன். வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். ஓர் எறும்புகூட வரவில்லை. வேலியோரம் மட்டும் மறுபடி மொய்த்தது. கிணற்றடியில் தங்கை வாளிக்குள் முகத்தை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

தீபாவளிக்கு முன்பே அவளும் போய்விட்டாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். ஆனால் எனக்கு முதலில் வந்தது அந்த அப்பாடாதான். அதை அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.