சரிதாவிடம் விட்ட பிள்ளை

போன வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க ஒரு கிலுகிலுப்பை வாங்கினேன். கவரைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை. உங்களுக்கு அது திருவிழாக் கடையை நினைவூட்டலாம். எனக்கு ஆடிட் நாள்தான் நினைவுக்கு வந்தது.

அப்போது வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு அரைநாள் வேலை. தொழிலாளிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அங்கே ஓர் அறை உண்டு, ஆயா நான்தான். அறை பிள்ளைகளுக்காக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பிச் சோதிப்பார்களே, அவர்களுக்காக இருந்தது. அந்த ஆடிட் அன்றைக்கு மட்டும் புதுப் பொம்மைகள் பீரோவைவிட்டு வெளியே வரும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் பிடித்து வருவார்கள். "கண்ணு, ஒண்ணும் அழாமப் பார்த்துக்கோணும்" என்பார் மேனேஜர். எல்லாம் சேர்ந்து அழும். நான் கரடி மாதிரி ஆடிக் காட்டுவேன். வந்தவர்கள் போட்டோ எடுப்பார்கள். ஏதோ ஒரு தேசத்து ஃபைலில் நான் இன்னும் கரடியாகத்தான் இருப்பேன்.

மற்ற நாட்களில் அங்கே இரண்டே பிள்ளைகள். ஒன்று கைக்குழந்தையான என் மகன். இன்னொன்று முன்னி, அப்போதுதான் நடை பழகியவள். அவளுடைய அம்மா சரிதா பீகாரிலிருந்து வந்தவள். அதே கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை. நான் இருக்கும் மதியம் வரைதான் அவளுக்கும் வேலை. எங்கள் லைன் வீட்டுக்குப் பின்சந்தில் அவளும் புருஷனும் இருந்த ரூம். எனக்கு இந்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது. நாங்கள் கையை ஆட்டிப் பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் சண்டை என்றுதான் தோன்றும்.

அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரருக்கு டி.பி. என்று தெரிந்தது. டெய்லர் வேலை நின்றது. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். நல்லா சாப்பிடணும், பிள்ளையைப் பக்கத்தில் விடக் கூடாது என்றார்கள். நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. அவருக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுத்துவிட்டு, எனக்குப் பசியில்லை என்பேன். பால் வற்றிக்கொண்டே வந்தது. பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டு, வாயை எடுத்து என் முகத்தைப் பார்ப்பான்.

முதலிபாளையம் பக்கம் பெரிய கம்பெனி ஒன்றில் செக்கிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முழுநாள் வேலை, சம்பளமும் நல்ல சம்பளம். ஆபீசில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"வேலை இருக்குதுங்க. ஆனா கொழந்தையக் கூட்டியாரப்படாதுங்க. திங்கக்கெழமை நீங்க வரலீன்னா வேற ஆளப் போட்டுக்குவோம்."

ஊருக்கு அனுப்பலாம் என்றால் விளாத்திகுளத்தில் வாங்கிக்கொள்ள யாரும் உயிரோடு இல்லை. வீட்டில் விடலாம் என்றால் அந்த இருமல். திரும்பும் வழியில், பிள்ளை இடுப்பில் இருக்க, நொய்யல் பாலத்தில் நின்றேன். சாயத் தண்ணீர் அன்றைக்கு ஊதா நிறத்தில் ஓடியது. எதற்காக நின்றேன் என்று கேட்காதீர்கள். பின்னால் வந்த டெம்போக்காரர், "ஓரமாப் போங்கம்மா" என்று சத்தம் போட்டார். போனேன்.

வீட்டில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி, "நீயே முடிவு பண்ணிக்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. தனியாக முடிவெடுக்க முடியாமல்தானே ஒருவரிடம் கேட்கிறோம்.

மறுநாள் சரிதாவிடம் சொன்னேன். நான் நின்றுவிட்டால் அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள், முன்னியை விட இடமில்லாமல் அவள் வேலையும் போய்விடும். அதைச் சைகையில் புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள் என் மகனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "தீதி, தும் ஜாவோ. ரெண்டு பாப்பா, நான் பாக்குது" என்று, என்னைப் போகச் சொல்லிக் கையசைத்தாள். என் சம்பளத்தில் அவளுக்கு ஒரு பங்கு என்று விரல்களாலேயே பேசி முடித்தோம்.

"வடக்கத்திக்காரிட்ட பிள்ளைய விடுதியே, புத்தி கெட்டுப்போச்சா?" என்றார் பக்கத்து வீட்டுத் தூத்துக்குடி அக்கா. திங்கட்கிழமை விட்டுவிட்டுப் போனேன்.

செக்கிங் டேபிளில் கண் துணியில் ஓட்டை தேடியது. மனசு அங்கே இல்லை. மதியத்துக்கு மேல், வற்றிப்போன பால் எங்கிருந்தோ வந்து நெஞ்சில் கட்டிக்கொண்டது. வேஸ்ட் துணியை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

கம்பெனி பஸ் ஊரெல்லாம் சுற்றி, இருட்டின பிறகுதான் இறக்கிவிட்டது. ஓடினால், சரிதாவின் ரூம் பூட்டிக் கிடந்தது.

"மத்தியானமே ரெண்டு பிள்ளையையும் தூக்கிட்டுப் போனா. நான் அப்பவே சொன்னம்லா" என்றார் அந்த அக்கா.

ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்து ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. வாயில் சாமி பெயர்கூட வரவில்லை. பாதி வழியில் எதிரே சரிதா வந்துகொண்டிருந்தாள். ஒரு இடுப்பில் முன்னி, இன்னொரு இடுப்பில் என் மகன். முகமெல்லாம் புழுதி.

"பாப்பா ரொம்ப ரோயா. தூத் நஹி" என்றாள். புட்டிப்பாலை அவன் தொடவே இல்லை. அழுகை நிற்காததால், நான் சொன்ன கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, என்னிடம் பால் குடிக்கவைக்கத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்கே வந்திருக்கிறாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. சாயங்காலம்வரை கேட்டிலேயே நின்றிருக்கிறாள். எங்கள் பஸ் பின்கேட் வழியாகப் போய்விட்டது. கையில் திரும்பி வர பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் அத்தனை தூரமும் நடந்து வந்தாள்.

ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். சரிதா முந்தானையை விரித்து மறைத்தபடி நின்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் வாட்ச்மேனிடம் கெஞ்சினேன். "சரிங்க, வெளிய வெச்சே குடுத்துட்டு வந்துருங்க" என்றார். அதன்பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு, சரிதா டவுன் பஸ்ஸில் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். நான் பால் கொடுப்பேன். அவள் என் டிபன் பாக்ஸிலிருந்து முன்னிக்கு ஊட்டுவாள்.

என் வீட்டுக்காரர் தேறி மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்தார். அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் ஏதோ பாங்குகள் கவிழ்ந்துவிட்டன என்று பேசிக்கொண்டார்கள். இங்கே ஆர்டர் இல்லாமல் போனது. சரிதாவின் புருஷனுக்கு வேலை போயிற்று. ஒரு காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். அவளிடம் போன் கிடையாது. ஊர்ப் பெயரைச் சொன்னாள். என் காதில் அது சரியாக விழவில்லை.

என் மகன் முதலில் பேசியது இந்திதான். தண்ணீருக்குப் பானி, பாலுக்குத் தூத். என்னை அம்மா என்பான், சரிதாவை மா என்பான். அவள் போனபிறகும் பல நாள் பின்சந்துக்குத் தத்தித் தத்திப் போய், அந்தக் கதவைத் தட்டி, "மா, பானி" என்பான். நான் டம்ளரோடு பின்னாலேயே போய், "தண்ணி, சொல்லு, தண்ணி" என்று சொல்லிக் கொடுப்பேன். சீக்கிரமே கற்றுக்கொண்டான். இன்றைக்கு அவனுக்கு இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.