பக்கத்து மேசைத் தாடிக்காரர்

அறுபத்து நான்காம் ஆண்டுச் சீன–மலாய்க் கலவர நாட்கள் அவை. சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் என் நான்கு வயது மகள் வாயைத் திறக்க மறுத்தாள். ஊரடங்குக்கு முன் வீடு திரும்பும் அவசரம் எனக்கு. அவசரம் வந்தால் யோசிக்காமல் பேசுகிறவள் நான். சோற்றுப் பொட்டலத்துக்காகக் காத்திருந்த தாடிக்காரரைக் காட்டி, "சாப்பிடலன்னா அந்த மாமா உன்னைச் சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவாரு" என்றேன். அவர் தலைகுனிந்துகொண்டார்.

திடீரென்று தெருவில் ஓட்டமும் கூச்சலும் கேட்டன. கடைக்காரர் பலகைக் கதவை அடைக்கத் தொடங்கினார். நெரிசலில் மகளின் கை நழுவியது. தூக்க வந்த தாடிக்காரரின் மணிக்கட்டைக் கடித்துவிட்டு அவள் தெருவுக்கே ஓடிவிட்டாள்.

அவர்தான் துரத்திப் பிடித்து, திமிறத் திமிறத் தூக்கி வந்து, கதவிடுக்கு வழியாக என்னிடம் நீட்டினார். பல் தடத்தில் ரத்தம் கசிந்தது.

"உள்ள வந்துடுங்க" என்றேன்.

"என் பிள்ளைங்க கேலாங் வீட்டுல தனியா இருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினார். கடைசிப் பலகையும் அடைபட்டது. அவருக்காகக் கட்டிய பொட்டலம் மேசையிலேயே கிடந்தது.

"அந்த மாமா திரும்பி வருவாராம்மா?"

அவள் நடுங்கிக்கொண்டே வாயை நன்றாகத் திறந்து காட்டினாள். ஊட்ட எனக்குத்தான் கை எழவில்லை.